கண்காணிப்பு தொடரலாம்

கண்ணு,

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு தாய் மகனுக்கு என்ன எழுதுவாள் என்று ஊருக்கே தெரியும். வரப்போகிறவளைக் கண் கலங்காமல் பார்த்துக்கொள், கோபத்தைக் குறை, ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடாதே. அதையெல்லாம் உன் அப்பா தினமும் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நீ சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, உன் வேலையைப் பற்றி முதல்முறையாக என்னிடம் வாயைத் திறந்தாய். பல இடங்களிலிருந்து வரும் தகவல்களைச் சேர்த்து, அடுக்கி, அவை என்ன சொல்கின்றன என்று மேலே எழுதிக் கொடுக்கிற வேலை. முப்பது வருடம் அதே வேலையைச் செய்தவள் என்பதால் என்னிடம் சொன்னால் தப்பில்லை என்று நினைத்திருப்பாய். ஆள் பெயரைச் சொல்லவில்லை, அது சரி. நம் ஊரில் கணபதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை, அதை நடத்தும் பையனுக்கு உன் வயதுதான் என்று மட்டும் சொன்னாய். அடுத்த வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு லீவில் வருகிறேன், அதற்குப் பிறகு அவனைத் தூக்கிவிடுவார்கள் என்றாய்.

"மூணு பக்கமும் ஒண்ணாவே வருதும்மா. இனிப் பாக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று நீ கேட்டாய். இதே கேள்வியை இதே தெளிவோடு நான் கேட்டிருக்கிறேன். மூன்று எது எதுவென்று கேட்டேன். களத்தில் இருக்கும் ஆள் கொடுத்த குறிப்பு ஒன்று, அவன் யார் யாரோடு போனில் பேசினான் என்ற, வெளி மாநில எண்கள் நிறைந்த பட்டியல் ஒன்று, அந்த விலாசத்தைப் பற்றிய இருபது வருடத்துப் பழைய பதிவு ஒன்று என்றாய். பழைய காகிதங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அதுவும் ஏறியிருக்கிறது. எழுதியவர் பெயர் அதில் இல்லை, பிரிவின் எண் மட்டும்தான். "அந்தக் காலத்து ஆளுங்க என்ன அழகா எழுதியிருக்காங்க பாரும்மா" என்று சொல்லிவிட்டு, மனப்பாடமாகவே ஒப்பித்தாய்: தற்போது நேரடி ஆதாரம் இல்லை எனினும், மூன்று தனித்தனி வழிகளில் தகவல் ஒத்துப்போவதால், கண்காணிப்பு தொடரலாம். நான் கையில் வைத்திருந்த வெங்காயத்தைத் தோலோடு குழம்பில் போட்டேன். சாப்பிடும்போது அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்து, உனக்கு வயசாயிருச்சும்மா என்று சிரித்தாய். அந்த வரியை எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ ரயிலேறிப் போன பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

எங்கள் உளவுப் பிரிவு ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாய். மூன்று மேஜை, இரண்டு இரும்பு பீரோ, அட்டைகள் அடுக்கிய மரப்பெட்டிகள். மப்டியில் சுற்றும் நாலைந்து பேர் டீக்கடை, முடிதிருத்தும் கடை, பஸ் நிலையம், தேர்த்திருவிழா என்று போய், காதில் விழுந்ததைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதைப் பிரித்து, ஆளுக்கு ஒரு அட்டை, ஊருக்கு ஒரு அட்டை, வண்டிக்கு ஒரு அட்டை என்று பதிவது என் வேலை. காலை பத்து மணிக்குள் ஒரு பக்கம் எழுதி மேலதிகாரி மேஜையில் வைக்க வேண்டும். ஓர் அட்டையில் இருந்த வண்டி இன்னோர் அட்டையில் இருந்த ஆளோடு வந்து சேரும்போது எனக்கு உண்டாகிற சந்தோஷம் இருக்கிறதே, நீ முதல் மார்க் வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் அந்தச் சந்தோஷம் வந்திருப்பதை ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தில் பார்த்தேன். அதற்குத்தான் பயப்படுகிறேன். சேர்ந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மனிதனுக்குக் கேள்வி கேட்கிற புத்தி மங்கிப் போகிறது.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருடம். பெரிய மனிதர் ஒருவர் ஊருக்கு வரப்போவதாக இருந்தது. மேலேயிருந்து தினமும் என்ன இருக்கிறது, என்ன இருக்கிறது என்று குடைச்சல். அந்த வாரம் ஒரு சீட்டு வந்தது. கணபதியில் ஒரு சந்தில் லேத்துப் பட்டறை, அங்கே முழ நீளத்துக்கு இரும்புக் குழாய் அறுத்து இரண்டு முனையிலும் மரை போட்டு மூடி செய்கிறார்கள், செவ்வாய்க்கிழமை தோறும் வெளியூர் வேன் வந்து ஏற்றிப் போகிறது. அவ்வளவுதான் சீட்டில். இரண்டு பக்கமும் மூடிய குழாய் என்றதும் என் மனது குழாய் வெடிகுண்டுக்குத்தான் போனது. ஒரு சீட்டை நம்பி எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. உறுதிப்படுத்த இரண்டு பேரைத் தனித்தனியாக அனுப்பினேன். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் அனுப்பினேன் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் நானே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பட்டறைக்கு வெளியாட்கள் வந்து ரகசியமாகக் குழாய் வாங்கிப் போகிறார்களாமே என்று கேளுங்கள் என்றேன்.

ஒருவர் பக்கத்து வெல்டிங் கடைக்காரரைக் கேட்டார். இன்னொருவர் பட்டறைக்கு இடம் வாடகைக்கு விட்டிருந்த அம்மாவைக் கேட்டார். இரண்டு இடத்திலும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, ஆமாங்க, அப்படித்தானுங்க என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு சீட்டும் வந்து முதல் சீட்டோடு பொருந்தியபோது எனக்குக் கை பரபரத்தது. மூன்று தனித்தனி வழிகளில் உறுதி என்று எழுதினேன். ரகசியமாக என்ற சொல் முதல் சீட்டில் இல்லவே இல்லை, அதை இரண்டு பேர் வாயிலும் வைத்து அனுப்பியது நான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். வீடு தேடி வந்து கேட்கிறவரை இல்லை என்று சொல்லி முகம் வாட வைக்க மாட்டார்கள், அதுவும் அரசாங்கத்து ஆள் என்று தெரிந்தால் மறுபேச்சே இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? உன் பெரியப்பா வீட்டில் மூன்றாவது தோசை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் நீ அழுதவன்தானே? வேறு ஊரிலிருந்து வந்த ஒருத்தி அந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

மறுநாள் காலை பட்டறை திறந்ததும் அதை நடத்தியவரைக் கொண்டுபோனார்கள். பதினோரு நாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதுதான் எங்கள் மாடி அறையின் நாகரிகம். அவர் திரும்பி வந்தபோது வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. லேத்தில் வேலை செய்கிற கை. இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை வேனில் வந்த இரண்டு பேரும் தாமாகவே வந்து நின்றார்கள். சென்னிமலையில் தறி போட்டிருக்கிறவர்கள். போர்வை நெய்யும் தறியில் பாவு நூல் தளராமல் இழுத்துப் பிடிக்க எடை தொங்கவிட வேண்டும், கல்லைக் கட்டினால் ஆடுகிறது என்று குழாய்க்குள் மணல் நிரப்பி மூடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எடை கூட்ட, குறைக்க வசதியாக இரண்டு பக்கமும் மூடி. ரகசியம் ஒன்றும் இல்லை. தறி ஓடாத நாள் செவ்வாய்க்கிழமை, அதனால் அன்றைக்கு வந்தார்கள்.

அவரை விட்ட பிறகு நான் சாதாரணச் சேலை கட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. வெல்டிங் கடைக்காரரிடம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். "எல்லாம் தெரிஞ்சுதானுங்க வந்து கேக்கறாங்க. நான் இல்லீங்கன்னு சொன்னா, வந்தவரப் பொய் சொல்றீங்கன்னு சொன்னாப்பல ஆயிருமுங்களே" என்றார். இப்போது எழுதும்போதும் அந்த மனிதரின் பணிவான முகம்தான் முன்னால் வருகிறது. அவர் மேல் தப்பே இல்லை. மரியாதையைச் சாட்சியம் என்று எடுத்துக்கொண்ட என் மேல்தான் எல்லாத் தப்பும்.

இது வரைக்கும் செய்தது தவறு. இதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். அந்த விஷயத்தை முடித்து ஒரு வரி எழுதச் சொன்னார் மேலதிகாரி. தகவல் தவறு, உறுதிப்படுத்திய முறை தவறு என்று எழுதியிருந்தால் காகிதம் அன்றோடு செத்திருக்கும். என்னை மலைக்கு மேலே எங்காவது மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு, உனக்குப் பள்ளிக்கூடம், வீட்டைப் பிரித்துப் போட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூசி மெழுகி, நேரடி ஆதாரம் இல்லை எனினும் என்று ஆரம்பித்து, கண்காணிப்பு தொடரலாம் என்று முடித்தேன். தப்பு என்றும் ஒப்புக்கொள்ளவில்லை, சரி என்றும் சாதிக்கவில்லை, யார் வந்து கேட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. உனக்காகத்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை கண்ணு. பயத்தில் எழுதினேன். அந்தப் பட்டறைக்காரர் அதற்குப் பிறகு நாலு வருடம்தான் உயிரோடு இருந்தார்.

புத்தியாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. நீ பத்தாவது படித்தபோது உன் சட்டைப் பையில் காங்கேயம் போய்வந்த பஸ் டிக்கெட் இரண்டு கிடைத்தது. சட்டையில் கந்தக நெடி. நீ டியூஷனுக்கு வரவில்லை என்று வாத்தியாரும் போன் செய்தார். டிக்கெட், நெடி, போன். மூன்று. கந்தகம் என்றதும் என் தொழில் புத்தி என்ன படம் போட்டிருக்கும் என்று நினைத்துப் பார். நீ வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அறைந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் சிநேகிதனின் அப்பா காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், அவர்கள் களத்தில் கொப்பரைக்குக் கந்தகப் புகை காட்ட ஆள் இல்லை, நீ போய் இரண்டு நாள் தேங்காய் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்பது ஒரு வாரம் கழித்து அந்த வீட்டு அம்மா தேங்காயெண்ணெய் கேனோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. உன் அப்பா அந்தக் கதையைச் சொல்லி வருகிறவர்களை எல்லாம் சிரிக்க வைப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. காகிதம் அத்தனையும் என் கையில் இருந்தது, ஆள் கண்ணெதிரே நின்றான், ஆளை நான் கேட்கவில்லை.

நேற்றுக் கணபதிக்குப் போனேன். சந்து மாறிவிட்டது, பட்டறை மாறவில்லை. வெளியே அவர் மகன், நீ சொன்ன அந்தப் பையன், யாரிடமோ போனில் இந்தியில் தட்டுத் தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பின்னால் வீட்டில் இருந்தார். வாடகைக்கு வீடு தேடுகிறவள்போல ஏதோ சொல்லி நுழைந்தேன், வெட்கமாக இருந்தது. உட்காரச் சொல்லிக் காப்பி வைத்தார். என்ன வேலை நடக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவரே சொன்னார், வயலுக்கு மேலே பறந்து மருந்தடிக்கிற டிரோனுக்கு அலுமினியக் குழாயில் விசிறி தாங்குகிற கை கடைந்து கொடுக்கிறார்களாம், வடக்கே ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து வாங்குகிறார்களாம். உன் போன் பட்டியலில் இருக்கும் வெளி மாநில எண்கள் இவையாக இருக்கலாம். பிறகு பழைய பழக்கம் என் நாக்கில் ஏறிக்கொண்டது. வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதிரியான ஆட்களாமே, வந்தால் வெளியே தலை காட்டுவதில்லையாமே என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்படியாட்ட இருக்குதுங்க. நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்" என்றார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். இரண்டு நிமிடத்துக்கு முன்பு அதே ஆட்களைப் பற்றி, தன் கையால் பணியாரம் சுட்டுப் போட்டதாகவும் ஆளுக்குப் பத்து தின்றதாகவும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நான் யாரென்று சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். வாரேனுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இதை வைத்து அந்தப் பையன் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் அப்பாவுக்குச் செய்ததற்குப் பரிகாரமாக அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று என் மனது துடிக்கிறது, அதனால் என் பேச்சையும் அப்படியே நம்பாதே. சேகரிப்பதில் தப்பு வந்தால் திருத்தலாம், அடுக்குவதில் தப்பு வந்தால் மாற்றி அடுக்கலாம். நமக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்க் கேட்டால், கேட்கிற ஊரெல்லாம் அதையேதான் சொல்லும். உன் களத்து ஆளிடம் அவர் என்ன கேள்வி கேட்டார் என்று எழுதி வாங்கு. அவருக்கு அந்தக் கேள்வியை யார் கொடுத்தார்கள் என்று பார். என் பழைய பதிவைப் படித்துவிட்டு அதிலிருந்து எடுத்த கேள்வியாக இருந்தால் உன்னிடம் மூன்று இல்லை, ஒன்றுகூட இல்லை. நான் இருபது வருடத்துக்கு முன்னால் சொன்னதை நானே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஒரே ஒரு மேஜைக்குப் போகிற காகிதம் என்ன ஆகும் என்று தெரிந்தவள் என்பதால் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பையன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமா?" என்று கேட்டார். ஆகலாம் என்றேன். என் பென்ஷனுக்கும் ஆகலாம். சம்பந்தி வீட்டிலும் பேசுவார்கள். அவர் அனுப்பு என்றார். மூன்று வாரத்தில் நீ மணவறையில் உட்காரும்போது உன் வயதுப் பையன் ஒருவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்ற நினைப்போடு என்னால் அட்சதை போட முடியாது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நேற்று அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது எதிர் டீக்கடையில் ஒருவர் செய்தித்தாளை நாலாக மடித்துப் பிடித்து நின்றார். அந்த மடிப்பு எனக்குத் தெரியும், உள்ளே சீட்டு வைத்து எழுத வசதியானது. பஸ் நிறுத்தம் வரை என் பின்னாலேயே வந்தார். இந்நேரம் அவர் குறிப்பு உன் மேஜைக்கு வந்திருக்கும்: அடையாளம் தெரியாத வயதான பெண் ஒருவர் வந்து, நாற்பது நிமிடம் வீட்டுக்குள் இருந்து, பதற்றமாக வெளியேறினார். மற்ற மூன்றோடும் அது அழகாகப் பொருந்தும். நாலாவது வழியிலும் உறுதி என்று எழுத உனக்குக் கை பரபரக்கும். எழுதாதே சாமி. அந்தப் படிவத்தில் பெயர், வயது, விலாசம் என்று கட்டங்கள் இருக்கும், எல்லாம் உனக்குத் தெரியும், நிரப்பு. அதற்குக் கீழே, தகவல் தருபவரை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய பதிவைத் தந்தவளும் நான்தான், அதனால் அதில் அம்மா என்று தயவு பார்க்காமல், நம்பத் தகுந்தவர் அல்ல என்று எழுதி, கையெழுத்தை அங்கே போடு.